நிரல் எழுதும் உதவியாளருடன் ஆறு மாதம்: சந்தா கட்டியவரின் மதிப்புரை

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை ஆறு மாதங்களாகச் சொந்தப் பணத்தில் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். அரை வரி தட்டியதும் மீதி வரியை ஊகித்துத் தரும் பழைய வகை அன்று இது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான டெர்மினலில் இருந்தபடி, சொன்ன வேலையைக் கேட்டுக்கொண்டு, வேண்டிய கோப்புகளைத் தானே தேடித் திறந்து படித்து, மாற்றங்களைச் செய்து, நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளை ஓட்டிப் பார்த்து, அவை தோற்றால் மறுபடியும் திருத்துகிற வகை. பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. இந்த வகைக் கருவிகள் குறைநிறைகளில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடவில்லை. பெயரைச் சொன்னால் எந்த நிறுவனத்தின் மாதிரி (கருவிக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவு) உசத்தி என்ற வழக்குத் தொடங்கிவிடும். நான் இதை வாங்கியது வேறொரு கேள்விக்காக. இருபது ஆண்டு வேலை பார்த்த பொறியாளரின் நாற்காலியில் இதை உட்கார வைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அந்த இருபது ஆண்டும் என்னுடையவை என்பதால் நான் நடுநிலையான நீதிபதி இல்லை என்பதை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் பார்த்துக்கொள்ளும் மென்பொருள், மாதச் சந்தா வசூலிக்கும் கணக்கு முறை. பெரும்பகுதி பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையது. எழுதியவர்களில் பெரும்பாலோர் இப்போது வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள். விளம்பரக் காட்சிகளில் இந்தக் கருவிகள் வெறுந்தரையில் புதுவீடு கட்டுவதைத்தான் காட்டுகிறார்கள். அனுபவமுள்ள பொறியாளரின் நாள்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டில் சுவரை இடிப்பதில் கழிகிறது. ஆகவே சோதனையையும் அங்கேயே வைத்தேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன், அது சிறிய பாராட்டும் இல்லை. எங்களிடம் பைத்தான் 2-இல் எழுதப்பட்ட அறிக்கைக் கருவி ஒன்று கவனிப்பாரின்றிக் கிடந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இருந்தும் யாரும் தொடத் துணியவில்லை. நான் இரண்டு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்த அந்த மாற்றத்தைக் கருவி இரண்டு நாளில் முடித்தது. வேகத்தைவிட எனக்கு வியப்பளித்தது கவனம். பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும், பைத்தான் 3-இல் 3.5 வரும். இந்த வேறுபாட்டால் பக்க எண்ணிக்கைக் கணக்கு பிசகக்கூடிய இரண்டு இடங்களை அது தானாகவே சுட்டிக்காட்டியது. அவற்றில் ஒன்றை நான் நிச்சயமாகத் தவறவிட்டிருப்பேன். சோதனை நிரல்கள் எழுதுவது, ஒரு வடிவத்தில் உள்ள தரவை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது, அறிமுகமில்லாத லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை) முதன்முதலாக இணைத்துப் பார்ப்பது, மூன்று பக்கம் நீளும் பிழைச் செய்தியில் விஷயம் எந்த வரியில் இருக்கிறது என்று சொல்வது ஆகிய வேலைகளிலும் நான் இனி இதை விட்டுத் தனியாக உட்கார மாட்டேன்.

இந்த அனுபவம் எனக்குச் சற்றுக் கசப்பையும் தந்தது. பழம் தின்று கொட்டை போட்டவர் என்று அணியில் என்னைக் கேலியும் மரியாதையுமாகச் சொல்வார்கள். அந்தப் பழத்தில் ஒரு பங்கு வெறும் ஞாபகசக்தி என்று இப்போது தெரிகிறது. எந்தக் கட்டளைக்கு என்ன தெரிவு, எந்த டேட்டாபேஸில் எந்தத் தேதிச் சார்பு எப்படி நடந்துகொள்ளும், பழைய பதிப்பில் இருந்த எந்த வழி இப்போது அடைக்கப்பட்டுவிட்டது என்பவற்றைத் தலையில் வைத்திருப்பதை நான் அனுபவம் என்று எண்ணிப் பெருமைப்பட்டதுண்டு. அந்தச் சரக்குக்கு இனி விலை இல்லை. ஒருவருடைய அனுபவம் முழுவதும் அதுவாகவே இருந்தால், அவருடைய இடத்தை இந்தக் கருவி எடுத்துக்கொள்ளும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மறுபக்கம் எனக்கு இரண்டாம் மாதத்தில் தெரிந்தது. பணம் கட்டப்பட்டது என்று வெளிச் சேவைகள் அனுப்பும் அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ளும் பகுதியைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தேன். இத்தகைய அறிவிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருவது இயல்பு; பெற்றுக்கொண்டதற்கான பதில் உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். அதனால் ஒரே அறிவிப்பு எண் இரண்டாம் முறை வந்தால் நிராகரிக்கும் சரிபார்ப்பு ஒன்று அங்கே இருந்தது. அதற்குக் கீழே, வாடிக்கையாளர், தொகை, தேதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இன்னொரு சரிபார்ப்பும் இருந்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, இரண்டாவது தேவையற்றது என்று கருவி அதை நீக்கிவிட்டது. எல்லாச் சோதனைகளும் தேறியதாகப் பச்சை காட்டின. மாற்றக் குறிப்பில் அது எழுதியிருந்த விளக்கமும் படிக்க நன்றாகவே இருந்தது.

அந்த இரண்டாம் சரிபார்ப்பு ஏன் இருக்கிறது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சேவை, மறுபடி அனுப்பும் அறிவிப்புக்குப் புதிய எண்ணைச் சூட்டி அனுப்பியது. எண்ணை மட்டும் நம்பிய எங்கள் நிரல் பலருடைய கணக்கில் இருமுறை வரவு வைத்துவிட்டது. அன்றிரவு விழித்திருந்து அந்த நான்கு வரிகளைச் சேர்த்தவன் நான். இன்னொருவர் வேலை மாறிப் போய்விட்டார். காரணத்தை எங்கும் எழுதி வைக்காதது என் குற்றம்தான், கருவியின் குற்றம் அன்று. ஆனால் உலகிலுள்ள பழைய மென்பொருள்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட எழுதி வைக்காத காரணங்களின் மேல்தான் நிற்கின்றன. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மென்பொருள் என்பது அதன் வரிகளில் இல்லை, அதை உருவாக்கியவர்களின் மனத்தில் உள்ள புரிதலில் இருக்கிறது என்றும், அந்தக் குழு கலைந்துபோனால் மென்பொருள் உயிரிழக்கிறது என்றும் வாதிட்டார். படித்த காலத்தில் கொஞ்சம் மிகையாகத் தோன்றிய வாதம் அது. வரிகளை மட்டும் பிழையின்றிப் படிக்கத் தெரிந்த ஒரு துணையோடு வேலை செய்த பிறகுதான் அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது.

இன்னொரு சம்பவத்தில் கருவிக்கு இதைவிடப் பாதகமான நிலைமை. வாரத்தில் ஓரிரு முறை, குறிப்பிட்ட நேரம் என்றில்லாமல், சர்வர் சில நிமிடம் திணறியது. பதிவேடுகளைக் கொடுத்துக் காரணம் கேட்டேன். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து விளக்கங்கள் வந்தன. ஒவ்வொன்றும் இதுதான் மூலகாரணம் என்ற தொனியில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தமும் கையோடு வந்தது. ஐந்தும் தவறு. கடைசியில் சர்வர்களைக் கவனிக்கும் சக பணியாளரிடம், இது தொடங்கிய வாரத்தில் உங்கள் பக்கம் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். வேறொரு குழுவுக்காக அதே டேட்டாபேஸில் புதிய அறிக்கை ஒன்று ஓடுவதாகவும், அது இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். விடை எங்கள் நிரல் கோப்புகள் இருக்கும் ரெப்போவுக்குள் இல்லவே இல்லை. எங்கே தேட வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிவது நிரல் எழுதும் திறமையோடு ஒட்டிப் பிறந்த திறமை இல்லை. ஆனாலும் மூத்த பொறியாளருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் கணிசமான பகுதி அதற்காகத்தான். கருவி ஒருமுறைகூட, இது என் கண்ணுக்கு எட்டாத இடத்திலிருந்து வருகிறது போலும் என்று சொல்லவில்லை.

வேகத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பெரும்பாலும் தமக்கு வேண்டிய ஒன்றை மட்டும். 2022-இல் கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் உதவிக் கருவியை வைத்து நடந்த சோதனையில் 95 நிரலாளர்கள் பங்கேற்றார்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எளிய வலைச் சர்வரை எழுதும் வேலையைக் கருவி வைத்திருந்தவர்கள் 55.8 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தார்கள். 2025-இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 16 அனுபவமிக்க திறமூல (நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்த மென்பொருள்) நிரலாளர்களுக்கு, அவர்கள் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் சொந்தத் திட்டங்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. கருவியைப் பயன்படுத்திய வேலைகளுக்கு 19 விழுக்காடு அதிக நேரம் பிடித்தது. நேரம் 24 விழுக்காடு குறையும் என்று அவர்கள் முன்கூட்டி எதிர்பார்த்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் 20 விழுக்காடு குறைந்ததாகவே நம்பினார்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலாவது, முன்கதை இல்லாத வேலை. இரண்டாவதில் வேலை செய்பவரின் தலையிலேயே முழு வரைபடமும் இருக்கிறது. அதைக் கருவிக்குச் சொல்லிப் புரியவைத்து, அது தந்ததைப் படித்துச் சரிபார்க்கும் நேரத்தில் அவரே எழுதி முடித்துவிடலாம். பின்னர் வந்த மாதிரிகள் அன்றைய மாதிரிகளைவிடத் தேர்ந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்ததில், அறிமுகமில்லாத பகுதிகளில் பெரிய லாபமும், கரதலப் பாடமாகத் தெரிந்த பகுதிகளில் சில நாள்களில் நஷ்டமும் இருந்தன. வேகமாகப் போவது போன்ற உணர்வு மட்டும் இரண்டிலும் ஒரே அளவில் இருந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களை நான் இனிக் கேலி செய்ய முடியாது.

குணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நீண்ட நேரம் உடனிருக்கும் துணைக்குக் குணம் முக்கியம். இது ஒரு ஆமாம் சாமி. வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தேன். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மட்டும் அந்தந்த இடத்து நேரத்துக்கு மாற்றுவது எங்கள் நிரலின் வழக்கம், சரியான வழக்கம். அது தவறு, உள்ளூர் நேரத்திலேயே சேமிக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்று பதில் வந்தது. மாற்றும் வேலையையும் உடனே தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்தி, இல்லை, முன்பு இருந்ததுதான் சரி என்றேன். அதற்கும் முற்றிலும் சரி என்ற அதே பதில். நான்காம் மாதத்தில் வந்த புதிய பதிப்பு இதே கேள்விக்கு ஒருமுறை மறுப்புத் தெரிவித்து, கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் நாடுகளில் ஒரே மணி இரண்டு முறை வரும் சிக்கலை விளக்கியது. இரண்டாம் முறை அழுத்தியபோது பணிந்துவிட்டது. என்னைச் செதுக்கிய மூத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் எனக்கு எழுதிக் கொடுத்த வரிகள் எவையும் நினைவில் இல்லை. இது வேண்டாம், இதை ஏன் செய்கிறாய் என்று அவர்கள் கேட்ட கேள்விகள் நினைவில் இருக்கின்றன. இந்தக் கருவியிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும், அதைக் கேட்டிருக்கக் கூடாது என்ற சொல்லைத் தவிர.

சிறிய குறைகளை வேகமாகக் கடந்துவிடலாம். தோற்கும் சோதனையைச் சரிசெய்யச் சொன்னால், நிரலைத் திருத்தாமல் சோதனையையே தளர்த்திவிட்ட நிகழ்ச்சி மூன்று முறை நடந்தது. இல்லாத லைப்ரரியை இருப்பதாக நம்பி இறக்கப் பார்த்தது இரண்டு முறை. பின்னது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை. 16 மொழி மாதிரிகளிலிருந்து 5,76,000 நிரல் துண்டுகளைப் பெற்று ஆராய்ந்தவர்கள், பரிந்துரைக்கப்பட்ட லைப்ரரிகளில் வணிக மாதிரிகளில் சராசரியாகக் குறைந்தது 5.2 விழுக்காடும் யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மாதிரிகளில் 21.7 விழுக்காடும் கற்பனைப் பெயர்கள் என்று கண்டார்கள். அந்தப் பெயர்களை முன்கூட்டியே பதிவுசெய்து உள்ளே தீங்கு நிரலை வைத்துக் காத்திருப்பது திருடனுக்குக் கடினமான வேலை இல்லை. நீண்ட உரையாடலில் தொடக்கத்தில் சொன்ன நிபந்தனைகளை மறப்பது, ஐந்து வரியில் முடியும் திருத்தத்துக்கு மூன்று புதிய கோப்புகளை உருவாக்குவது, டோக்கன் வரம்பு (கருவி படித்து எழுதக்கூடிய அளவு) மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோவது ஆகியவை அன்றாட எரிச்சல்கள்.

கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில், தம் நிறுவனத்தின் புதிய நிரலில் கால் பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்று சொன்னதைப் பலரும் எடுத்தாளுகிறார்கள். அதை உருவாக்கிய பிறகு பொறியாளர்கள் மறுபார்வையிட்டு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அதே வாக்கியத்தில் அவர் சேர்த்துச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். என் அணியில் நெரிசல் முழுவதும் இப்போது அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது. எழுதும் வேகம் கூடிவிட்டது. படித்துப் பொறுப்பேற்கும் வேகம் கூடவில்லை. முன்பு நாளைக்கு இரண்டு மாற்றங்களை மறுபார்வையிட்ட எனக்கு இப்போது ஐந்தாறு வருகின்றன, ஒவ்வொன்றும் முன்பைவிட நீளமாக. பிறர் எழுதியதைப் படிப்பது களைப்பூட்டும் வேலை. யாருமே யோசித்து எழுதாததைப் படிப்பது அதைவிடக் களைப்பு, ஏனெனில் மனிதர் செய்யும் தவறு அவருடைய எண்ண ஓட்டத்தின் தடத்தில் இருக்கும், இதன் தவறு எந்த வரியிலும் இருக்கலாம், மற்ற வரிகளைப் போலவே நேர்த்தியாகவும் இருக்கும்.

அணியில் சேர்ந்து ஓராண்டு ஆகாத இளைஞர் ஒருவர் 900 வரி மாற்றத்தை அனுப்பியிருந்தார். நடுவில், ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டு முறை ஒன்றைக் காட்டி, தம்பி, இது எதற்கு என்று கேட்டேன். அதுதான் போட்டது சார், சோதனை ஓடிவிட்டது என்றார். கூர்மையான பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவர் வயதில் இருந்தபோது யாருக்கும் வேண்டாத சின்னச் சின்னப் பிழைகளை என் தலையில் கட்டுவார்கள். அவற்றைத் துரத்திக்கொண்டு போய்த்தான் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பிழைகளை இன்று நான் அவருக்குக் கொடுப்பதில்லை, கருவிக்குக் கொடுக்கிறேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், 22 முதல் 25 வயதுக்குட்பட்ட மென்பொருள் நிரலாளர்களின் வேலைவாய்ப்பு 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருப்பதாகவும், மூத்த வயதினரிடம் அத்தகைய வீழ்ச்சி இல்லை என்றும் காட்டியிருந்தார்கள். வட்டி விகிதம் முதலிய வேறு காரணங்களும் அதில் கலந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. என்னுடைய வேலை போகுமா என்று கேட்டு வாங்கிய பொருள், பக்கத்து மேசையைத்தான் எனக்குக் காட்டியது. இப்போது வாரத்தில் ஒரு நாள் அந்த இளைஞரும் நானும் கருவியை அணைத்துவிட்டு ஒரு பிழையைக் கையால் தேடுகிறோம். மேலாளருக்கு அது வீண் நேரமாகத் தெரிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பழக்கங்கள் சில பயன்படலாம். எடுத்த எடுப்பில் நிரலை எழுதச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் எழுதச் சொல்லி அதைப் படித்துத் திருத்துகிறேன். பெரும்பாலான தவறுகள் அங்கேயே பிடிபடுகின்றன. ஒரு மாற்றம் நூறு வரியைத் தாண்டினால் நிறுத்திப் பிரிக்கச் சொல்கிறேன். உண்மையான வாடிக்கையாளர் தரவுக்கும் இயங்கும் சர்வரின் சாவிக்கும் அதை அருகில்கூட விடுவதில்லை. எதையும் நீக்கும் முன் அது ஏன் முதலில் சேர்க்கப்பட்டது என்று, ஒவ்வொரு மாற்றமும் குறிப்போடு பதிவாகியிருக்கும் கமிட் வரலாற்றைப் படித்துச் சொல்லும்படி நிலையான கட்டளை எழுதி வைத்திருக்கிறேன். பழைய கமிட் குறிப்புகள் ஒழுங்காக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்கிறது. எங்களுடைய குறிப்புகளில் பாதி, சரி செய்யப்பட்டது என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகின்றன.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், கைகளுக்குத் துணை என்ற வகையில் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். மூத்த பொறியாளருக்கு மாற்று என்ற வகையில் மூன்று. அந்த மூன்றும் நம்மில் பலர் மூத்தவர் என்ற பெயரில் ஞாபகத்தை மட்டுமே விற்றுக்கொண்டிருந்ததற்காக. தனியாளாகப் புதிய மென்பொருளைத் தொடங்குபவர் தயங்காமல் வாங்கலாம். பழைய, பணம் புழங்கும், பிழை நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய மென்பொருளை வைத்திருப்பவரும் வாங்கலாம். ஆனால் அதை நம்பி ஆளைக் குறைப்பதற்கு முன்னால், யார் தலையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளட்டும்.

நீக்கப்பட்ட அந்த நான்கு வரிகளை அன்றே திரும்பச் சேர்த்து, அவற்றுக்கு மேலே ஏழு வரியில் காரணத்தை எழுதி வைத்தேன். சென்ற மாதம் அதே கோப்பில் வேறொரு வேலை கொடுத்தபோது, கருவி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, இரண்டாம் சரிபார்ப்பைத் தொடாமல் விட்டிருக்கிறேன் என்று தானாகவே தெரிவித்தது. சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி உண்டு என்று காட்டியது. ஆறு மாதத்தில் இது என்னவாக மாறியிருக்கும் என்று கணிக்க முடியாததால் மாதச் சந்தாவையே தேர்ந்தெடுத்தேன்.